இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

என் கணினிக்குள் ஒரு கிளினிக் இருக்கிறது.
நீலப் புள்ளிகள் சீனி வருத்தக்காரர்,
மஞ்சள் பிரஷர்,
இரண்டும் உள்ளவர்களுக்குப் பச்சை கொடுத்தேன்.
திரை முழுக்கப் பச்சை.

ஒரு வருடம் ஓடப் பதினொரு செக்கன்.
நூறு தடவை ஓடவிட்டுக் கீழே இறங்கி
ஒரு சோற்றுப் பார்சல் வாங்கி வருவதற்குள்
நூறு வருடம் காத்திருந்து முடித்திருப்பார்கள்.

எண்களைப் பொறுக்கியது மே மாதம்,
மருதானைப் பக்கத்து ஆஸ்பத்திரி வாங்கில்,
மூன்று கிழமை.
பதிவு மேசை: ஆளுக்கு நாற்பத்தெட்டு செக்கன்.
(சிவசக்தீஸ்வரி என்ற என்னைச் சிங்களத்தில் எழுத
ஒன்றரை நிமிடம் ஆகும். அதைச் சேர்க்கவில்லை.)
இரத்தம் எடுக்க நாலு நிமிடம்,
நரம்பு ஒளித்துக்கொண்டால் ஒன்பது.
டொக்டர்: இரண்டரை.
அதில் அவர் நிமிர்ந்து முகம் பார்த்த நேரத்தைத்
தனி நிரலில் குறித்துவந்தேன்,
பிறகு அழித்துவிட்டேன்.

புள்ளிகள் இருமுவதில்லை.
பக்கத்துப் புள்ளியிடம் இடத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு
மூத்திரத்துக்குப் போவதில்லை.
வரிசையில் செருப்பைப் போட்டு வைக்க
அவற்றுக்குத் தெரியாது.
முதல் கிழமை நான்
இரண்டு சோடிச் செருப்பையும் ஒரு குடையையும்
நோயாளி என்று எண்ணிவிட்டேன்.
பதிவு மேசை மஞ்சுளிகா சிரித்த சிரிப்பில்
அன்றைய நாற்பத்தெட்டு செக்கன்
அறுபதாகிவிட்டது.

இன்னொரு டொக்டர் வேண்டும் என்றார்கள் எல்லோரும்.
திரைக்குள் ஒருவரைப் போட்டேன்:
பதினெட்டு நிமிடம் குறைந்தது.
அவரை எடுத்துவிட்டு,
இரத்தம் எடுக்கும் ஃபர்வீனை
ஏழரைக்குப் பதில் ஆறுக்கு வரவைத்தேன்:
ஒரு மணி பத்து நிமிடம்!
தனியே இருந்து கைதட்டினேன்.

மறுநாள் ஃபர்வீனிடமே காட்டினேன்.
அழகாக இருக்கு, என்றாள்,
இந்தப் புள்ளி ஆறு மணிக்கு இங்க நிண்டா
வத்தளையில மகளை
ஸ்கூல் வானில ஏத்துறது எந்தப் புள்ளி?

அப்புறம் அந்த வரி.
காத்திருப்பு ஐந்து மணியைத் தாண்டினால்
வெளியேற்று.
நான் எழுதியதுதான்; இருநூற்றுப் பன்னிரண்டாவது.
தாண்டிய புள்ளி வலது ஓரத்துக்கு நகர்ந்து மறையும்,
மூலையில் ஓர் எண் ஒன்றால் கூடும்.
நாளுக்குப் பதினேழு.
ஏன் ஐந்து? முழு எண், அவ்வளவுதான்.

நூற்று நாற்பத்தோராம் துண்டு
பவளராணியின் கையில் இருந்தது.
வனாத்தமுல்லை; வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில்
படுக்கை விரிப்புத் தோய்க்கிற வேலை.
ஐந்து எட்டுக்கு வரிசைக்கு வந்தவள்
சரியாகப் பத்துக்கு எழும்பினாள்.
பத்தரைக்குக் கையெழுத்து வைக்காட்டி
அரைநாள் சம்பளம் போயிடும் மிஸ்,
என்று யாரும் கேட்காமலே என்னிடம் சொன்னாள்,
துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்தபடி.
பழக்க தோஷம், நான் நேரம் குறித்தேன்:
நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
என் விதிக்கு எட்டு நிமிடம் முந்திவிட்டாள்.

வலது ஓரத்தில் அவள் மறையவில்லை.
றோட்டைக் கடந்தாள்.
எதிர்ப் பார்மசியில் மூன்று குளிசை வாங்கினாள்,
மூன்றே மூன்று,
நூற்றுமுப்பத்தெட்டாம் பஸ்ஸுக்குக் கைகாட்டினாள்.

இரவு அந்த வரியைத் திறந்து
வெளியேற்று என்பதற்குக் கீழே எழுதத் தொடங்கினேன்.
மூன்று நாள் குளிசை. பிறகு ஒன்றுமில்லாத நாட்கள்.
சிலர் அடுத்த மாதம் அதே வரிசைக்கு.
சிலர், எத்தனை பேர் என்று எனக்கு இன்னும் தெரியாது,
வேறொரு வாசலால், வண்டியில் படுத்தபடி.
அந்த வாசல் என் படத்தில் இருக்கவில்லை.
வரைந்தேன். புள்ளிக்குச் சிவப்பு கொடுத்தேன்.

இப்போது வருடம் ஓடப் பதினாலு செக்கன் எடுக்கிறது.
திங்கட்கிழமைக் கூட்டத்தில் பணிப்பாளர் கேட்பார்,
போன முறையைவிட ஏன் மெதுவாக ஓடுகிறது என்று.